வெல்வெட் துணிக்கு அப்புறம்: ஜேம்ஸ் வாங் ஹவ் என்ன செய்தார்?

கேள்வி இது: "ஹாலிவுட்டின் பழைய ஒளிப்பதிவாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஜேம்ஸ் வாங் ஹவ் என்ற சீனரின் பெயர் வருகிறது. கூடவே ஒரு நடிகையின் கண்ணும் கறுப்பு வெல்வெட் துணியும் என்று ஒரு கதையும் வருகிறது. அதைத் தவிர அவர் என்ன செய்தார்? சீனர்கள் வரக்கூடாது என்று சட்டமே போட்டிருந்த நாட்டில் ஐம்பது வருடத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தார்? எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?"

இரண்டாவது கேள்வியை முதலில் கொஞ்சம் திருத்திவிடுகிறேன். அவர் ஒரே இடத்தில் ஊன்றி நின்று தாக்குப்பிடித்தவர் இல்லை. குறைந்தது மூன்று முறை வேலையோ வாய்ப்போ மறுக்கப்பட்டு வெளியே நிறுத்தப்பட்டவர். ஒவ்வொரு முறையும் வேறொரு வழியாக உள்ளே வந்தார். அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் ஒரே ஆள் எடுத்தது போலவே இருக்காது என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. அதற்கு ஒரு காரணம் இந்தப் போக்குவரத்துதான் என்பது என் எண்ணம்.

சரி, வெல்வெட் கதையையும் விட முடியாது. ஏனென்றால் அதைப் பெரும்பாலும் பாதிதான் சொல்கிறார்கள்.

1920-களின் தொடக்கத்தில் புழங்கிய ஃபிலிமுக்கு ஆர்த்தோகுரோமேட்டிக் என்று பெயர். அதற்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, நீலமோ அளவுக்கு மீறித் தெரியும். அதனால் உதட்டுச் சாயம் கன்னங்கரேலென்று விழும். நீல வானம் வெள்ளைத் தாளாகிவிடும். வெளிர்நீலக் கண் இருந்தால் பிழைத்தோம்: கருவிழி இருக்கிற இடமே தெரியாமல் பேய்க்கண் போல வெள்ளையாக இருக்கும். பாரமவுண்ட் படங்களில் நடித்துக்கொண்டிருந்த மேரி மைல்ஸ் மின்டருக்கு அப்படிப்பட்ட கண்கள். ஹவ் அப்போது ஸ்டுடியோவில் கேமரா உதவியாளர். சம்பளம் போதாமல் நடிகர் நடிகைகளுக்கு ஸ்டில் எடுத்துக் கொடுத்து மேல்வரும்படி பார்த்துக்கொண்டிருந்தார். மின்டருக்கு எடுத்துக் கொடுத்த ஸ்டில்லில் கண்கள் நன்றாகக் கறுத்துத் தெரிந்தன. அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம்: சினிமா கேமராவிலும் இப்படி வருமா? வரும் என்று இவர் சொல்லிவிட்டார். எப்படி வந்தது என்பது அந்த நேரத்தில் அவருக்கே தெரியாது.

அப்புறம் யோசித்துப் பார்த்ததில் புரிந்தது. ஸ்டில் எடுத்தபோது அவள் பார்வை பட்ட இடத்தில் ஒரு கறுப்புத் திரை இருந்தது. கண் ஒரு வழவழப்பான பரப்பு, எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கும். எதிரே இருட்டு இருந்தால் கண்ணும் இருண்டுகொள்ளும். ஹவ் ஒரு சட்டத்தில் கறுப்பு வெல்வெட்டைக் கட்டி, நடுவில் லென்ஸ் நுழையுமளவு ஓட்டை போட்டு, அதன் வழியே க்ளோஸ்-அப் எடுத்தார். மின்டர் நடித்து 1923-ல் வெளியான 'டிரம்ஸ் ஆஃப் ஃபேட்' ஹவ் ஒளிப்பதிவாளராக எடுத்த முதல் படம். அந்தப் படம் இன்று இல்லை. தொலைந்துபோன மௌனப்படங்களில் அதுவும் ஒன்று. ஆக, இத்தனை பேர் சொல்லும் அந்தக் கண்களை நம்மில் யாரும் திரையில் பார்த்ததில்லை.

விட்டுப்போகிற பாதி என்னவென்றால், இந்தச் செய்தி ஹாலிவுட்டில் எப்படிப் பரவியது என்பது. மின்டர் தனக்கென்று கீழைநாட்டிலிருந்து ஒரு கேமராமேனை வரவழைத்திருக்கிறாளாம், அவன் கறுப்பு வெல்வெட் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு படம் எடுக்கிறானாம் என்று ஊரெல்லாம் வதந்தி. வாஷிங்டன் மாநிலத்தில் வளர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் ஐந்தாறு வருடமாகத் தரை கூட்டி, கேமரா தூக்கிய பையன் ஒரே நாளில் மந்திரவாதி ஆகிவிட்டான். வெளிர்கண் நடிகைகள் வரிசையில் வந்தார்கள். அவருடைய முகம் அவருக்கு உதவிய மிகச் சில தருணங்களில் அது ஒன்று. பிற்காலத்தில் எம்ஜிஎம் ஸ்டுடியோவும் இதே கணக்கைப் போட்டது. அதுவரை ஜேம்ஸ் ஹவ் என்று மட்டும் டைட்டிலில் வந்த பெயருக்கு நடுவில் 'வாங்' சேர்ந்தது 1930-களில், எம்ஜிஎம் காலத்தில்தான். சீனத்தனம் விளம்பரத்துக்கு ஆகும், அக்கம்பக்கத்தில் குடியிருக்க ஆகாது. அந்த ஊர் நியாயம் அப்படி.

பிறப்பு 1899, குவாங்டாங் மாகாணத்தின் தைஷான் வட்டாரம். அந்தக் காலத்தில் அமெரிக்கா போன சீனர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். தகப்பனார் நார்தர்ன் பசிபிக் ரயில்பாதையில் வேலை பார்த்துவிட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்ற சிற்றூரில் கடை வைத்தவர். பையன் அங்கே போய்ச் சேரும்போது ஐந்து வயது. வாங் துங் ஜிம் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஜேம்ஸ் ஹவ் ஆக்கிவிட்டார்கள். ஊர் மருந்துக்கடையில் வாங்கிய பிரௌனி பெட்டிக் கேமராதான் முதல் கருவி. தகப்பனார் இறந்தபின் ஒரெகன் பக்கம் போய்க் கொஞ்ச காலம் பான்டம்வெயிட் குத்துச்சண்டை வீரராக இருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லாஸ் ஏஞ்சலஸில் போட்டோகிராஃபர் ஒருவரிடம் எடுபிடி, பெரிய ஹோட்டலில் மேஜை துடைப்பது என்று சுற்றிவிட்டு, 1917-ல் லாஸ்கி ஸ்டுடியோவில் கேமரா அறையைக் கூட்டும் வேலையில் சேர்ந்தார். வாரம் 10 டாலர். கேமராவைப் பிரித்துத் துடைத்து மாட்டுவதை அங்கேதான் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒருநாள் ஆள் பற்றாக்குறையில் இயக்குநர் செசில் பி. டிமில் படப்பிடிப்பில் கிளாப் பலகை பிடிக்கக் கூப்பிட்டார்கள். ஐந்தடி உயரப் பையன், வாயில் பெரிய சுருட்டு. டிமில்லுக்கு அந்தக் காட்சி பிடித்துப்போய், என் படங்களுக்கு இவனே பலகை பிடிக்கட்டும் என்று சொன்னாராம். இன்னொரு கதையும் சொல்வார்கள்: க்ளோஸ்-அப்பில் ஒரு கேனரிப் பறவை பாட வேண்டும், அது வாயைத் திறக்கவே இல்லை. ஹவ் சூயிங்கம்மைத் துளி கிள்ளி அலகில் ஒட்டிவிட்டார். அதைத் துப்பப் பார்த்துப் பறவை வாயைத் திறந்து திறந்து மூட, மௌனப்படத்தில் அது பாட்டாகிவிட்டது.

ஹாலிவுட்டில் குடியேறிய ஒளிப்பதிவாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. கார்ல் ஃப்ராயிண்ட், ருடால்ஃப் மாத்தே, போரிஸ் காஃப்மன் என்று ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் வரிசை பெரிது. அவர்கள் அங்கே பெயர் வாங்கிவிட்டு, கையில் ஒரு பாணியோடு வந்தவர்கள். ஹவ் கையில் எதுவும் இல்லை. எல்லாமே ஸ்டுடியோவின் பின்கட்டில் கற்றது. அதனால்தானோ என்னவோ, பாணி என்பதைவிடப் பொருள்களின் குணம்தான் அவருக்கு முக்கியம்: இந்த ஃபிலிம் எந்த நிறத்தை விழுங்கும், இந்தச் சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், இந்த விளக்கு எவ்வளவு தூரம் பாயும்.

முதல் முறை அவர் வெளியே விழுந்தது 1929 வாக்கில். ஒரு வருடம் முன்புதான் சீனாவுக்குப் போயிருந்தார், தானே இயக்க நினைத்த ஒரு படத்துக்குப் பின்னணிக் காட்சிகள் எடுக்க. சீனர் ஒருவர் அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வருவதற்கான அனுமதிக் காகிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. திரும்பி வந்து பார்த்தால் சினிமா பேச ஆரம்பித்திருந்தது. பேசும் படம் எடுத்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. அப்படியானால் வேலையும் இல்லை. மௌனப்பட உச்சத்தில் 'பீட்டர் பேன்' எடுத்தவருக்கு இந்தக் கதி. கைக்காசைப் போட்டு ஜப்பானிய மொழியில் ஒரு படம் எடுத்துப் பார்த்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. சீனாவில் எடுத்த காட்சிகள் மட்டும் வீண் போகவில்லை. அவற்றில் சில 1932-ன் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

இயக்குநர் ஹவர்ட் ஹாக்ஸ் ஒரு படம் கொடுத்து உள்ளே இழுத்தார். அடுத்து 1931-ல் வில்லியம் கே. ஹவர்ட் இயக்கிய 'டிரான்ஸ்அட்லாண்டிக்'. கப்பலில் நடக்கிற கதை. இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூரை தெரியும் செட்டு, கிட்டேயும் தூரத்திலும் ஒரே தெளிவு எல்லாம் 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில்தான் பிறந்தது என்று நினைப்பவர்கள் இன்னமும் நிறையப் பேர்.

அன்றைய ஸ்டுடியோ செட்டுகளுக்குக் கூரை கிடையாது. மேலே பலகைப் பாலங்கள் கட்டி, அங்கிருந்துதான் விளக்கெல்லாம் தொங்கும். கூரை போட்டால் விளக்குக்கு இடம் இல்லை. அதனால் கேமரா தலையைத் தூக்கி மேலே பார்க்கவே முடியாது. கப்பலின் உள்ளறை என்றால் தலை இடிக்கிற மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? ஹவ் கூரை போட்ட செட் வேண்டும் என்றார். அப்படியென்றால் வெளிச்சம் தரையிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வந்தாக வேண்டும். மறைத்து வைக்க இடம் தேட வேண்டும். கூடவே 25 மில்லிமீட்டர் அகல லென்ஸ் போட்டு, முன்னால் நிற்பவரும் தூரத்தில் தாழ்வாரக் கோடியில் நிற்பவரும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரியும்படி எடுத்தார். அந்த நாள் ஃபிலிமுக்கு வேகம் குறைவு, அதாவது வெளிச்சம் நிறையக் கேட்கும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால்தான் ஆழம் கிடைக்கும், சுருக்கினால் வெளிச்சம் போதாது, வெளிச்சத்தைக் கூட்டினால் அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே அடுப்பு மாதிரி கொதிக்கும். இவ்வளவையும் சமாளித்து எடுத்தது 'சிட்டிசன் கேன்' வருவதற்குப் பத்து வருடம் முன்பு. ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைக்கத்தான் செய்தது, கலை இயக்கத்துக்கு! செட்டைப் பார்த்தவர்கள் அந்தச் செட்டைக் காட்டியது எது என்று பார்க்கவில்லை.

இதற்காக 'சிட்டிசன் கேன்' இயக்கிய ஆர்சன் வெல்ஸையோ அதன் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டையோ குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. டோலண்ட் அதைக் கதை சொல்லும் முறையாகவே ஆக்கினார். ஹவ்வுக்கு அது ஒரு கப்பலைக் கப்பலாகக் காட்டுவதற்கான வழி மட்டும்தான். பிறகு அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். புகழ் விஷயத்தில் அவருக்குப் பாதகமாக இருந்ததும் இதுதான்.

1930-களில் நட்சத்திரத்துக்கு லைட்டிங் என்றால் ஒரு சூத்திரம் உண்டு. முன்னால் ஒரு பெரிய விளக்கு, நிழலைத் தணிக்க இன்னொன்று, முடி மினுங்கப் பின்னால் ஒன்று. கதாநாயகி நிலவறையில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும் முகம் ஒரே மாதிரி பளபளக்கும். ஹவ் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: இந்த இடத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? மேஜை விளக்கு இருந்தால் அங்கிருந்து வரட்டும். ஜன்னல் இருந்தால் ஜன்னல் பக்கம்தான் பிரகாசம். ஒன்றும் இல்லையென்றால் ஆள் இருட்டில் நிற்கட்டும். 'தி தின் மேன்' 1934-ல் சுமார் இரண்டே வாரத்தில் எடுத்து முடித்த படம். இவ்வளவு அவசரத்திலும் அந்த இருட்டு மூலைகளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இருட்டுக்கு அஞ்சாதவர் என்பதால் தொழிலில் அவருக்கு 'லோ-கீ ஹவ்' என்றே பட்டப்பெயர் விழுந்தது.

இரண்டாவது முறை கதவு மூடியது இந்தப் பிடிவாதத்தால். 1938-ல் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்குக்காக 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் டாம் சாயர்' படத்தை டெக்னிகலர் என்ற வண்ண முறையில் எடுத்தார். அந்தக் கேமராவை அப்போது யாரும் விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்கலாம். கேமராவோடு டெக்னிகலர் கம்பெனியின் நிற ஆலோசகரும் வந்து உட்காருவார். எந்த உடை, எந்தச் சுவர், எவ்வளவு வெளிச்சம் என்று சொல்வது அவர்கள். வண்ணம் என்றால் கண்ணைப் பறிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு, ஏனென்றால் அதைத்தான் விற்கிறார்கள். மிசிசிப்பிக் கரையில் ஏழைப் பையன்களின் கதைக்கு மங்கிய நிறமும் குறைந்த வெளிச்சமும் போதும் என்றார் ஹவ். பேச்சு முற்றியது. படம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் வண்ணப்படம் அவர் கைக்கு வரவில்லை. ஹாலிவுட் வண்ணத்துக்கு மாறிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் அவர் கறுப்பு வெள்ளையிலேயே கிடந்தார். நமக்கு லாபம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது, அவருக்கு அப்படி இருந்திருக்காது.

இனி சட்டம் பற்றி. 1882-ன் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடுத்ததோடு, ஏற்கெனவே உள்ளே இருந்த சீனர்களுக்கும் குடியுரிமை கிடையாது என்றது. ஹவ் ஐந்து வயதிலிருந்து அங்கே வாழ்ந்தவர், ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றவர். ஆனாலும் குடிமகன் ஆக விண்ணப்பிக்கக்கூட முடியாது. 1943-ல், சீனா போரில் கூட்டாளி என்ற காரணத்தால், அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அப்போதும் வருடத்துக்கு 105 சீனர்கள்தான் வரலாம் என்று ஒரு அளவு வைத்தார்கள். பேர்ல் ஹார்பருக்குப் பின் ஜப்பானியர்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தபோது, தெருவில் யாரும் கை வைத்துவிடக் கூடாதே என்று ஹவ் 'நான் சீனன்' என்று எழுதிய பொத்தானைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார். நடிகர் ஜேம்ஸ் கேக்னி தானும் ஒன்றை வாங்கிக் குத்திக்கொண்டார் என்பார்கள். கேக்னியின் முகத்தை வைத்து யாரும் அவரைச் சீனர் என்று நம்பியிருக்க வழியில்லை, நோக்கமும் அதுதானே.

சனோரா பாப் என்ற எழுத்தாளரை அவர் 1937-ல் பாரிஸில் மணந்துகொண்டார். சனோரா வெள்ளைக்காரர். கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் 'மங்கோலியரும்' மணந்துகொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. ஸ்டுடியோ ஒப்பந்தத்தில் ஒழுக்க ஷரத்து வேறு. ஆகவே ஹாலிவுட்டில் இருவரும் ஒரே கட்டடத்தில் தனித்தனி வீடு எடுத்து வசித்தார்கள். 1948-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் பெரெஸ் வழக்கில் அந்தத் தடையைச் செல்லாது என்று தீர்த்தபின், 1949-ல் மறுபடியும் திருமணம் செய்துகொண்டார்கள். அப்போதும் நடத்திவைக்க ஒப்புக்கொள்ளும் நீதிபதியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. சனோரா பாப்பின் கதையும் தனியாக எழுத வேண்டிய கதை. வறட்சியால் கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்த விவசாயிகளைப் பற்றி அவர் எழுதிய நாவலைப் பதிப்பாளர் எடுத்துக்கொள்ள இருந்த நேரத்தில், 1939-ல் ஸ்டைன்பெக்கின் நாவல் அதே விஷயத்தில் வந்து சக்கைப்போடு போட்டது. இவருடையது கிடப்பில் போடப்பட்டு 2004-ல்தான் அச்சானது. மறு வருடம் அவர் காலமானார்.

இப்போது குத்துச்சண்டைக்கு வருவோம். 1947-ல் ராபர்ட் ராஸன் இயக்கிய 'பாடி அண்ட் சோல்', ஜான் கார்ஃபீல்டு கதாநாயகன். அதுவரை சினிமாவில் குத்துச்சண்டை என்றால் பெரும்பாலும் கேமரா கயிற்றுக்கு வெளியே, பார்வையாளர் இருக்கையில் நின்றுகொண்டு பார்க்கும். உள்ளே கேமராவைக் கொண்டுபோனால் தண்டவாளம் போட வேண்டும், தண்டவாளம் போட்டால் சண்டைக்கு இடம் இல்லை. ஹவ் ஒரு சிறிய எய்மோ கேமராவைக் கையில் எடுத்தார். போர்க்களச் செய்திப்படக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த கேமரா அது. காலில் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு, ஒரு உதவியாளர் பின்னாலிருந்து தள்ள, சண்டைக்காரர்களைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தார். கடைசிச் சண்டையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். குத்து விழும் கணத்தில் ஃப்ரேம் ஒரு பக்கம் சரியும், ஃபோகஸ் ஒரு நொடி தப்பி மறுபடி பிடித்துக்கொள்ளும், எதிராளியின் தோள் பாதித் திரையை மறைக்கும். வளையத்துக்குள் நின்று அடி வாங்கியவனுக்கு மட்டுமே தெரியும், சண்டையின்போது எதையும் முழுதாகப் பார்க்க முடியாது என்று. அந்தப் படத்தின் எடிட்டர்கள் ஆஸ்கர் வாங்கினார்கள். ஹவ்வுக்குப் பரிந்துரைகூட இல்லை. பின்னாளில் வந்த பல குத்துச்சண்டைப் படங்கள் அந்தக் கடைசிச் சண்டைக்குக் கடன்பட்டவை.

அந்தப் படமே மூன்றாவது இடறலுக்கும் ஒரு காரணம். அதில் வேலை செய்த பலரைக் கம்யூனிஸ்ட் வேட்டை துரத்தியது. கார்ஃபீல்டு 1952-ல் 39 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவருடைய கடைசிப் படத்துக்கும் ஒளிப்பதிவு ஹவ்தான். வேலை தரக்கூடாதவர்கள் என்று ஸ்டுடியோக்கள் வைத்திருந்த கறுப்புப் பட்டியலில் ஹவ்வின் பெயர் இல்லை, ஆனால் கறைபட்ட பெயர் என்று ஸ்டுடியோக்கள் தயங்கின. மனைவிக்கு இடதுசாரித் தொடர்பு உண்டு என்பதால், கணவரின் பிழைப்பு கெடக்கூடாதென்று அவர் சில காலம் மெக்ஸிகோ நகரத்துக்குப் போய்த் தங்கினார். 1948 வாக்கில் ஹவ் மறுபடி சீனாவுக்குப் போனார். ரிக்‌ஷாக்காரனைப் பற்றிச் சீன எழுத்தாளர் லாவ் ஷே எழுதிய நாவலைப் படமாக்கும் ஆசை. அதற்கும் காட்சிகள் எடுத்து வந்தார், படம் நடக்கவே இல்லை. இயக்குநராக அவருக்கு வாய்த்தது 1954-ல் ஹார்லம் கூடைப்பந்துக் குழுவைப் பற்றிய 'கோ, மேன், கோ!' என்ற சின்னப் படம். சிட்னி பாய்ட்டியே அதில் நடித்திருக்கிறார். இயக்குநராக ஹவ் பெரிய ஆள் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லும் அளவுக்கு அவரை யாரும் விடவும் இல்லை.

இதற்கு நடுவே அவர் ஒரு சீன உணவகமும் நடத்தினார், லாஸ் ஏஞ்சலஸின் வென்சுரா பூல்வார்டு சாலையில். திறப்பு விழாச் சமயம் ஒரு பத்திரிகைப் போட்டோகிராஃபர் கட்டடம் முழுவதும் படத்தில் விழ வேண்டும் என்று பின்னால் போய்ப் போய், போக்குவரத்துக்கு நடுவே தெருவுக்கே போய்விட்டார். அகல லென்ஸ் போட்டால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லையே என்று ஹவ் தணிவாகச் சொன்னார். படம் எடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் நூடுல்ஸைப் பார் என்று பதில் வந்ததாம். அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வதாகத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள்.

1955-ல் 'தி ரோஸ் டாட்டூ' அவருக்கு முதல் ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது, 1963-ல் 'ஹட்' இரண்டாவது. மொத்தம் பத்துப் பரிந்துரைகள். விருது வாங்கிய இரண்டும் நடுவில் வந்த 'ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்ஸஸ்' அளவுக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதற்குப் பரிந்துரையே கிடையாது, 1957-ல் தியேட்டரிலும் ஓடவில்லை. நியூயார்க் நகரத்தின் இரவு, ஒரு பத்தி எழுத்தாளன், அவனுக்கு வாலாட்டும் ஒரு விளம்பர ஏஜென்ட். பர்ட் லங்காஸ்டர் கனத்த சட்டக் கண்ணாடி போட்டிருப்பார். ஹவ் விளக்கை அவர் தலைக்கு நேர் மேலே வைத்தார். கண்ணாடிச் சட்டத்தின் நிழல் கன்ன எலும்பில் விழுந்து, கண் இருக்க வேண்டிய இடம் குழியாகிவிடும். வேறு மேக்கப் ஒன்றும் இல்லை. ஆள் கையை உயர்த்துவதில்லை, குரலை உயர்த்துவதில்லை, ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் மேஜைப் பக்கம் போகவே பயமாக இருக்கும். தெருக்காட்சிகளைக் குளிர்காலத்தில் அதே தெருக்களில் போய் எடுத்தார்கள். கட்டடங்கள் ஆட்கள்மேல் சாய்வது போல நிற்கும்.

'ஹட்' படத்தில் எனக்குப் பிடித்தது வானம். டெக்சாஸில் கிளாட் என்ற ஊர்ப்பக்கம் எடுத்தார்கள். அழகான மேகங்கள் தினமும் வந்தன. கறுப்பு வெள்ளையில் மேகத்தை எடுப்பாகக் காட்ட மஞ்சள் அல்லது சிவப்பு ஃபில்டர் போடுவது எந்த உதவியாளருக்கும் தெரிந்த பாடம். ஹவ் அதற்குத் தலைகீழாகப் போய், ஃபில்டரை வைத்தே மேகத்தை அழித்து, வானத்தை வெறும் வெளுப்பாக ஆக்கினார். மாடுகளையெல்லாம் நோய்க்குக் கொல்ல வேண்டிவரும் ஒரு குடும்பத்தின் கதை. அந்த மண்ணில் மழை வரும் என்று ஒரு நொடிகூட நினைக்கத் தோன்றாது. பால் நியூமன் பின்னால் அந்த வெளுப்பு நிற்கும்போது அவர் எவ்வளவு வசீகரமாகச் சிரித்தாலும் சுற்றிலும் ஒன்றுமில்லை என்பது தெரிந்துகொண்டே இருக்கும்.

1966-ல் 'செகண்ட்ஸ்'. வயது 67. ஜான் ஃப்ராங்கன்ஹைமர் இயக்கிய இந்தப் படத்தில் 9.7 மில்லிமீட்டர் மீன்கண் லென்ஸ், நடிகரின் உடம்போடு கட்டிய கேமரா என்று இருபது வயதுப் பையன்கள் செய்கிற சேட்டையெல்லாம் உண்டு. பழைய உயிரை விட்டுப் புது முகம் வாங்கிக்கொள்ளும் ஒருவனின் கதை என்பதால் முகம் வளைவதும் சுவர் நெளிவதும் அங்கே வேடிக்கையாக இல்லை. கான் விழாவில் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். கறுப்பு வெள்ளைக்கென்று தனி ஆஸ்கர் இருந்த கடைசி வருடம் அது. அதில் அவர் பெயர் பரிந்துரையில் இருந்தது.

ஓய்வுக்குப் போனவரை 1975-ன் 'ஃபன்னி லேடி'க்காகத் திரும்பக் கூப்பிட்டார்கள். முதலில் அந்தப் படத்தில் இருந்தவர் வில்மோஸ் சிக்மண்ட், ஹங்கேரியில் 1956 எழுச்சியைப் படமெடுத்து எல்லை தாண்டிக் கொண்டுவந்த இளைஞர். அவரை மாற்றிவிட்டு ஹவ்வைப் போட்டார்கள். இரண்டு தலைமுறைக் குடியேறிகள் ஒரே நாற்காலியில் சந்தித்தது இப்படி ஒரு சங்கடமான வழியில். சிக்மண்டுக்கு நஷ்டமில்லை, சில வருடத்தில் அவரும் ஆஸ்கர் வாங்கிவிட்டார். ஹவ்வுக்கு அந்தப் படம் பத்தாவது பரிந்துரை. 1976 ஜூலையில் காலமானார். 130-க்கும் மேற்பட்ட படங்கள்.

எங்கே ஆரம்பிப்பது? 'ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்ஸஸ்'. சந்தேகமே வேண்டாம். முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு முகத்துக்கும் விளக்கு எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடித்துக்கொண்டே பாருங்கள். அடுத்தது 'ஹட்', பிறகு 'பாடி அண்ட் சோல்'. 'செகண்ட்ஸ்' படத்தைக் குடும்பத்தோடு பார்க்க உட்கார வேண்டாம். வண்ணத்தில் ஒன்று வேண்டுமென்றால் 1970-ன் 'தி மோலி மக்வயர்ஸ்', பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. தொடக்கத்தில் நெடுநேரம் வசனமே கிடையாது, சுரங்கமும் தொழிலாளர் தலையில் உள்ள விளக்குகளும்தான். 1938-ல் டெக்னிகலர்காரர்கள் செய்யவிடாத மங்கிய வண்ணத்தை எழுபது வயதில் எடுத்துக் காட்டியிருக்கிறார். செல்போனில் பார்த்தால் பாதி இருட்டாகத்தான் தெரியும், பெரிய திரையில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். 'டிரான்ஸ்அட்லாண்டிக்' எங்காவது திரைப்பட விழாவில் வந்தால் விடாதீர்கள். கதை சுமார்தான், கூரையைப் பார்ப்பதற்காகவே போகலாம்.